மேலகரத்து மைதானத்தில் வந்த வெள்ளம்

நகரமைப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களிடம் வரைபடம் போடுவதைப் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதைச் சொல்லித்தர என்னைவிடக் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். நான் ஒரு கயிற்றைப் பற்றிச் சொல்கிறேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து இழுப்பார்களே, அந்த வடக்கயிறு. ஒரு நாள் அது குற்றாலத்துப் பேரருவியின் வெள்ளமாக மாறி, மீசை நரைத்த ஆண்களையும் பேரன் பேத்தி எடுத்த பெண்களையும் துரத்தியதை நான் பார்த்தேன். சர்வீஸ் காலத்தில் எத்தனையோ ஊர்களுக்குத் திட்டம் போட்டேன். ஓர் ஊர் தானே உட்கார்ந்து தன்னைப் பற்றி யோசித்ததை அந்த ஒரு நாள்தான் கண்டேன்.

ஐம்பதுகளின் கடைசி அது. செங்கோட்டை நம் ராஜ்யத்தோடு சேர்ந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. நான் திருநெல்வேலி ஆபீசில் சின்ன உத்தியோகத்தில் இருந்தேன். குற்றால வேலைக்காக என்னைத் தென்காசியில் தங்கச் சொன்னார்கள்.

அந்த வேலை வந்ததற்குக் காரணம் ஒரு சாவு. முந்தின சீசனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மலைக்கு மேலே மழை பிடித்துவிட்டது. பேரருவி சட்டென்று பெருகிற்று. குளித்துக்கொண்டிருந்த ஜனம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து ஓடியது. தண்ணீர் யாரையும் கொண்டுபோகவில்லை. நெரிசல்தான் கொண்டுபோயிற்று. வாசுதேவநல்லூரிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த ஓர் இளம்பெண் மிதிபட்டு, எழுந்திருக்கவே இல்லை.

அருவியிலிருந்து மேட்டுச் சாலைக்கு ஏறுகிற பாதைக்கு இரண்டு பக்கமும் அப்போது சீசன் கடைகள் இருந்தன. எண்ணெய்க் கடை, நேந்திரங்காய் வறுவல் கடை, துண்டுக் கடை, இட்லிக் கடை. பாதை குறுகல். பார்த்த உடனே எனக்கு விடை தெரிந்துவிட்டது. இரண்டு வரிசைக் கடைகளையும் எடுத்துவிட்டு, அருவிக்கரையிலிருந்து சாலைவரை நேராக, அகலமாக ஒரு வழி. வெள்ளம் வந்தால் ஜனம் வாய்க்காலில் தண்ணீர் போவதுபோல அதில் போய்விடும். படம் அழகாக வந்திருந்தது. எடுக்கவேண்டிய கடைகளுக்குச் சிவப்புப் பென்சில் போட்டிருந்தேன்.

ஜனங்களிடம் கருத்துக் கேட்கவேண்டும் என்று விதி. ஒரு சத்திரத்துக் கூடத்தில் படத்தை மாட்டிவிட்டுக் கடைக்காரர்களைக் கூப்பிட்டேன். முதலில் எழுந்தவர் மைதீன் பாய். கடையநல்லூர்க்காரர், தறித்துணி வியாபாரி. சீசன் மூன்று மாதமும் குற்றாலத்தில் துண்டுக் கடை போடுவார். ஆறடி உயரம், நெஞ்சுவரை தாடி. படத்துக்குப் பக்கத்தில் வந்து நின்று நிதானமாகக் கேட்டார்.

"சார், இந்தப் படத்துல நான் எங்கன இருக்கேன்?"

காட்டினேன்.

"செகப்பு அடிச்சிருக்கே. செகப்புன்னா என்ன?"

"எடுக்கவேண்டியது."

"அப்போ நான் இதுல இல்ல. இல்லாதவன்கிட்ட எதுக்கு சார் கருத்து கேக்குதிய?"

கூடத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. பிறகு பிச்சம்மாள் பேசினாள். மேலகரத்துக்காரி. இட்லிக் கடை அவளுடையது. "செத்துப்போன பிள்ளைக்கு நாங்களும்தான் அழுதோம். அதுக்காவ எங்க கஞ்சியில கை வைக்கணுமா? கடையத் தூக்கிட்டா கூட்டம் குறைஞ்சிருமா?" என்றாள். அதன்பிறகு யார் என்ன பேசினார்கள் என்பது எனக்கே கேட்கவில்லை. படத்தைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தேன். அடுத்து வைத்த கூட்டத்துக்கு அந்தப் படத்தைப் பார்க்கக்கூட யாரும் வரவில்லை.

என் மேலதிகாரி கெட்டவர் அல்ல. "இன்னொரு உயிர் போனால் யார் பதில் சொல்வது? சீசனுக்கு முன்னால் போலீசை வைத்து எடுத்துவிடலாம்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. மூன்று மாத வியாபாரத்தில் ஒரு வருஷம் சாப்பிடுகிற கடைக்காரர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. இந்த வேலையில் உங்களுக்கு அநியாயக்காரர்களோடு சண்டை வருவது அபூர்வம். இரண்டு நியாயங்களுக்கு நடுவில் நிற்கவேண்டி வருவதுதான் அதிகம்.

தென்காசியில் என்னோடு ஒரே வீட்டில் குடியிருந்தவர் மேலகரத்துப் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர். என் வயதுதான். கட்டையான ஆள், தொண்டை மட்டும் பெரிசு. கோடை விடுமுறையிலும் சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டிவைத்து விளையாட்டுக் காட்டுவார். ஒரு நாள் மனசு சரியில்லாமல் மைதானத்து ஓரத்தில் போய் உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகள் குளம் கரை ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர் 'குளம்' என்றால் கோட்டுக்குள் குதிக்கவேண்டும், 'கரை' என்றால் வெளியே. தப்பாகக் குதித்தவன் உட்கார்ந்துவிடவேண்டும். யாரும் யாரோடும் வாதாடவில்லை. உட்காரவேண்டியவன் தானே உட்கார்ந்தான்.

ஆட்டம் முடிந்து அவர் வந்ததும் என் கதையைச் சொன்னேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"கருத்துக் கேட்டா எல்லாவனும் வக்கீலாயிருவான்வே. வெளையாடச் சொல்லிப் பாத்தீரா?"

"யாரை? மைதீன் பாயையா?"

"ஏன், பாய்க்குக் கால் இல்லியா?"

அவர் பாதி கேலியாகத்தான் சொன்னார். எனக்கு ராத்திரி முழுக்க அது மனசில் ஓடிக்கொண்டிருந்தது. காலையில் இரண்டு பேரும் உட்கார்ந்து ஆட்டத்தை உண்டாக்கினோம். மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால் அருவிக்கரையை நிஜ அளவிலேயே வரைவது. ஆண்கள் குளிக்கும் பக்கம், பெண்கள் குளிக்கும் பக்கம், நடுவில் படி, அப்புறம் கடைப்பாதை, கடைசியில் மேட்டுச் சாலை. கடைகளுக்குப் பள்ளிக்கூடத்துப் பெஞ்சுகள். கடைக்காரர்கள் கடைக்காரர்களாக ஆடக்கூடாது. குடத்தில் சீட்டுப் போட்டு, ஆளுக்கு ஒன்று எடுத்து, சீட்டில் யார் வருகிறதோ அவராக ஆடவேண்டும். கண் மங்கின தாத்தா, எண்ணெய் தேய்த்துக்கொண்டு நிற்கிற ஆள், கைக்குழந்தைக்காரி, புருஷன், பெண்டாட்டி, பிள்ளை. பிள்ளை சீட்டு எடுத்தவர் தானாக நகரக்கூடாது. யாராவது கையைப் பிடித்தால்தான் எழுந்திருக்கலாம். விசில் ஊதியதும் இரண்டு பேர் வடக்கயிற்றை ஆளுக்கொரு முனை பிடித்து அருவிப் பக்கத்திலிருந்து நடந்து வருவார்கள். அதுதான் வெள்ளம். கயிறு தொட்டவர் அங்கேயே உட்கார்ந்துவிடவேண்டும்.

கயிறு பிடிக்கச் சொன்ன இரண்டு கபடிக்காரர்களிடம் டிரில் மாஸ்டர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "ஏலே, தண்ணிக்கு முகதாட்சண்யம் கிடையாது. ஒரே நடையா நடக்கணும். யாருக்காவயும் நிக்கப்பிடாது."

கடைக்காரர்களை அழைக்க நானே கடையநல்லூருக்கும் மேலகரத்துக்கும் போனேன். மைதீன் பாய் என்னை உட்கார வைத்து டீ கொடுத்தார். சந்தேகத்தை மறைக்கவில்லை.

"படம் இருக்குமா?"

"இருக்காது."

"செகப்புப் பென்சில்?"

"கொண்டுவரமாட்டேன்."

"ஆடி முடிச்ச பொறவு, 'நீங்களே ஒத்துக்கிட்டிய'ன்னு எழுதி வாங்கிக்கிடுவியளோ?"

இந்தக் கேள்வியை நீங்கள் உங்களிடமே கேட்டுக்கொள்ளவேண்டும். முடிவைப் பையில் வைத்துக்கொண்டு ஜனங்களை ஆடக் கூப்பிடாதீர்கள். அவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்; அப்புறம் உங்கள் ஆபீசிலிருந்து யார் போனாலும் கதவு திறக்காது. நான் அவரிடம், "என் திட்டம் சரி என்றுதான் இன்னும் நினைக்கிறேன். ஆனால் ஆட்டத்தில் அது தோற்றால் கிழித்துப்போடுகிறேன்" என்றேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டார். "சரி, வாரேன்" என்றார்.

எல்லாரும் வந்தார்கள். வேடிக்கை பார்க்க மேலகரத்து ஜனமும் வந்துவிட்டது. மலைப் பக்கமிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. சீசனுக்கு முந்தின காற்று. பெஞ்சுகளைத் தூக்கி அவரவர் கடை இடத்தில் அவரவரே போட்டார்கள். "உம்ம கடை அம்புட்டு முன்னால வராதுவே" என்று எண்ணெய்க் கடைக்காரருக்கும் வறுவல் கடைக்காரருக்கும் அங்கேயே ஒரு சண்டை வந்து, தீர்ந்தது.

சீட்டு எடுத்தார்கள். பிச்சம்மாளுக்கு 'அம்மா, பெண்கள் பக்கம் குளிக்கிறாள்' என்று வந்தது. அந்த அம்மாவின் புருஷன் சீட்டு வறுவல் கடைக்காரருக்கு. அவர்களுடைய ஐந்து வயதுப் பிள்ளை, அப்பாவோடு ஆண்கள் பக்கம் இருப்பவன், மைதீன் பாய்க்கு வந்தது. மைதானமே சிரித்தது. பிச்சம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். பாய் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் போய் ஆண்கள் பக்கத்துக் கோட்டுக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "வாப்பா, மிட்டாய் வேணும்" என்று வறுவல் கடைக்காரரிடம் கேட்டார். மறுபடியும் சிரிப்பு.

விசில் ஊதியது. கயிறு நடக்கத் தொடங்கியது.

கயிறு முதல் ஆளைத் தொடும்வரை சிரித்துக்கொண்டேதான் ஓடினார்கள். அப்புறம் சிரிப்பு குறைந்தது. நான் மேட்டுச் சாலைக் கோட்டில் நின்று, கடைப்பாதையில் எங்கே அடைக்கிறது என்று பார்க்கத் தயாராக இருந்தேன். பாதையில் அடைப்பே இல்லை. பாதைக்கு ஆட்களே வரவில்லை. ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு கூட்டம் பெண்கள் பக்கம் ஓடியது. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு கூட்டம் ஆண்கள் பக்கம் ஓடியது. நடுப்படியில் இரண்டும் மோதிக்கொண்டன. வறுவல் கடைக்காரர் பாயிடம், "இங்கனயே இரு, அசையாத" என்று சொல்லிவிட்டு 'பெண்டாட்டி'யைத் தேடிப் போய்விட்டார். பிச்சம்மாள் 'பிள்ளை'யைத் தேடி எதிரே வந்தாள். கூட்டத்தில் ஒருவரை ஒருவர் தாண்டிப் போனார்கள், பார்க்கவில்லை. கயிறு அவர்கள் எல்லாரையும் அங்கேயே உட்கார வைத்தது.

"கடையெல்லாம் எடுத்துட்டு ஒரு தடவை ஆடலாம். சாருடைய திட்டப்படி" என்றார் டிரில் மாஸ்டர்.

பெஞ்சுகளை மைதானத்துக்கு வெளியே கொண்டுபோய் வைத்தார்கள். அவற்றை எடுக்கும்போது யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. இப்போது அருவிக்கரையிலிருந்து சாலைவரை என் அகலமான, நேரான வழி வெறிச்சென்று கிடந்தது. நான் காகிதத்தில் மட்டுமே பார்த்திருந்த வழி. மறுபடியும் விசில். மறுபடியும் கயிறு.

அதே நடுப்படி. அதே மோதல். என் வழியில் ஓடியவர்கள் தனியாக வந்ததாகச் சீட்டு எடுத்த இரண்டு மூன்று பேர்தான். மற்ற எல்லாரும் அருவியை நோக்கியே ஓடினார்கள். காலியான அந்த வழியின் கடைசியில் நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன்.

உட்கார்ந்தவர்கள் உட்கார்ந்தபடியே இருந்தார்கள். கபடிக்காரர்கள் கயிற்றைக் கீழே போட்டார்கள். பிச்சம்மாள் நடுப்படிக் கோட்டில் உட்கார்ந்திருந்தாள். திடீரென்று சொன்னாள்.

"அந்தப் பிள்ள அருவியப் பாத்துதான கெடந்தா."

யாருக்கும் அவள் யாரைச் சொல்கிறாள் என்று கேட்கத் தேவைப்படவில்லை.

"வெளியே ஓடுதவ எப்படி அருவியப் பாத்து விழுவான்னு நான் அன்னைக்கே நெனச்சேன். பொறவு விட்டுட்டேன். அவ ஓடல. தேடிப் போயிருக்கா."

வாசுதேவநல்லூர்ப் பெண்ணுக்கு ஆண்கள் பக்கத்தில் புருஷனும் ஒரு சின்னப் பையனும் இருந்தார்கள். அது எல்லாருக்கும் தெரியும். அவர்கள் இரண்டு பேரும் பிழைத்துவிட்டார்கள் என்பதும் தெரியும். அதையும் இதையும் சேர்த்துப் பார்க்க அந்த மைதானம் வேண்டியிருந்தது.

மைதீன் பாய் ஆண்கள் பக்கத்துக் கோட்டுக்குள் இன்னும் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கயிறு அவர் மடிமேல் கிடந்தது.

"ரெண்டு தடவையும் என்ன யாரும் எடுக்கல" என்றார். குறையாகச் சொல்லவில்லை. ஏதோ புதிதாகத் தெரிந்துகொண்டவர்போலச் சொன்னார். "அசையாதன்னு சொல்லிட்டுப் போனாவ. நான் அசையல. கயிறு வாரதப் பாத்துக்கிட்டே இருந்தேன்."

அதற்குப் பிறகு நான் ஒன்றும் நடத்தவில்லை. டிரில் மாஸ்டரும் நடத்தவில்லை. அவர்களே எழுந்து கோடுகளுக்கு நடுவில் நடந்து நடந்து பேசினார்கள். தேடிப் போகிறவர்களைத் தடுக்க முடியாது. அப்படியானால் தேடுகிற இடம் ஒன்றாக இருக்கவேண்டும். ஆண்கள் பக்கத்திலிருந்தும் பெண்கள் பக்கத்திலிருந்தும் பார்த்தால் தெரியவேண்டும். தண்ணீர் எட்டாத உயரத்தில் இருக்கவேண்டும். ஒரு மேடை. கல்யாண வீட்டில் மணமேடை தெரிவதுபோல எங்கிருந்து பார்த்தாலும் தெரியவேண்டும் என்றார் எண்ணெய்க் கடைக்காரர். அங்கே நின்று பார்த்தார்கள், இங்கே நின்று பார்த்தார்கள். எல்லாப் பக்கத்துக்கும் தெரிகிற இடம் ஒன்றுதான் இருந்தது. மைதீன் பாயின் துண்டுக் கடையும் பிச்சம்மாளின் இட்லிக் கடையும் இருக்கிற இடம். வரிசையிலேயே நல்ல இடம்.

பேச்சு நின்றது. பெஞ்சுகளை மறுபடியும் பழைய வரிசையில் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். சத்திரத்தில் நடந்தது இங்கேயும் நடக்கும் என்று நினைத்தேன். வாயைத் திறந்து ஏதாவது சமாதானம் சொல்லலாம் என்று போனவனை டிரில் மாஸ்டர் கையைப் பிடித்து நிறுத்தினார். அந்தக் கைக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன். மௌனமாக இருக்கவேண்டிய நேரத்தில் பேசித்தான் நாம் எத்தனையோ காரியங்களைக் கெடுத்திருக்கிறோம்.

மைதீன் பாய் தன் பெஞ்சை ஒற்றை ஆளாகத் தூக்கினார். தூக்கிக்கொண்டு அங்கேயே நின்றார். "எங்கன போட?" என்று கேட்டார். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை.

வரிசையின் கடைசியில் இருந்த ஆள் வறுவல் கடைக்காரர். அவர் குனிந்து தன் பெஞ்சை ஒரு முழம் வெளிப்பக்கமாக நகர்த்தினார். அதற்கு அடுத்தவர் அதைப் பார்த்தார். அவரும் ஒரு முழம் நகர்த்தினார். அப்புறம் அவருக்கு அடுத்தவர். பெஞ்சுக் கால் மண்ணைக் கீறுகிற சத்தம் மட்டும் வரிசை நெடுகக் கேட்டது. முன்னால் வந்து சண்டை போட்ட எண்ணெய்க் கடைக்காரர் இரண்டு முழம் நகர்ந்தார். ஒவ்வொரு கடையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி, எதிர்வரிசையிலும் அதேமாதிரி சுருங்கி, கடைசியில் அந்தப் பக்கம் ஒரு பெஞ்சுக்கும் இந்தப் பக்கம் ஒரு பெஞ்சுக்கும் இடம் திறந்தது. நடுவில் மேடைக்கும் இடம் கிடந்தது.

காகிதத்தில் நான் மாதக்கணக்காக அழித்து அழித்து வரைந்தும் கிடைக்காத இடம் அது. அது நிலத்தில் இருந்த இடமே அல்ல. அவர்களிடம் இருந்தது.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். மேடைக்கு நாலு பெஞ்சைச் சேர்த்துப் போட்டு மறுபடியும் ஆடினோம். விசில் ஊதியது. பாதிப் பேர் மேடைக்கு வந்துவிட்டார்கள். பிச்சம்மாள் மட்டும் நேராக ஆண்கள் பக்கம் ஓடினாள். கயிறு தொட்டது.

"யக்கா, மேடை இருக்குல்லா?" என்றார் டிரில் மாஸ்டர்.

"தெரியும் சார். கால் கேக்க மாட்டேங்குது."

"எது இருந்தாக் கேக்கும்?"

அவள் உட்கார்ந்த இடத்திலேயே யோசித்தாள். விளையாட்டுக்கு யோசிக்கிற முகமாக இல்லை. "எம் பிள்ளைய யாரோ ஒருத்தர் எடுத்திருப்பாவன்னு நிச்சயமாத் தெரிஞ்சா நான் மேடைக்கு வருவேன். தெரியாம எப்படி வர முடியும்?"

"யாரோன்னா யாரு?"

அவள் சுற்றி நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். வறுவல் கடைக்காரர்தான் முதலில் சொன்னார். "விசில் கேட்டா நான் கடைய அப்படியே போட்டுட்டு வாரேன். முன்னால நிக்கிற பிள்ள எதுவோ, அதத் தூக்கிருவேன். யாரு பிள்ளன்னு பாக்கமாட்டேன்."

"கடையில சாமான் போயிருமே" என்று யாரோ சொன்னார்கள்.

"போட்டும்."

"நானும் தூக்குவேன்" என்றார் எண்ணெய்க் கடைக்காரர். பிறகு ஒவ்வொருவராகச் சொன்னார்கள். சத்தியம் செய்கிற குரலில் யாரும் சொல்லவில்லை. நாளைக்குக் கடையைத் திறப்பேன் என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார்கள்.

கடைசி ஆட்டத்தில் விசில் ஊதியதும் பிச்சம்மாள் ஓர் அடி ஆண்கள் பக்கம் வைத்தாள். நின்றாள். திரும்பி மேடைக்கு ஓடினாள். ஓடும்போது அழுதுகொண்டே ஓடினாள். அதற்குள் இரண்டு பேர் மைதீன் பாயின் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்து மேடையில் ஏற்றினார்கள். கயிறு வந்து மேடையின் காலில் தட்டி நின்றது. அது தொட்டு உட்கார்ந்தவர் யாருமில்லை.

புதுத் திட்டத்தை மேலதிகாரியிடம் கொண்டுபோனேன். நெடுநேரம் பார்த்தார். "கடை அப்படியே இருக்கிறது. ஒரு கல் மேடை மட்டும் புதிது. மற்றபடி ஜனங்கள் ஒருவரை ஒருவர் நம்புவார்கள் என்று எழுதியிருக்கிறாய்" என்றார். ஆமாம் என்றேன். "ஒரு சீசன் பார்ப்போம். கையெழுத்து உன்னுடையது" என்றார். கையெழுத்துப் போட்டபோது வந்த பயத்தை நான் உங்களிடமிருந்து மறைக்கப்போவதில்லை. மைதானத்தில் ஆடியவர்கள் கடைக்காரர்கள். குளிக்க வருகிறவர்களோ விருதுநகரிலிருந்தும் மதுரையிலிருந்தும் கொல்லத்திலிருந்தும் வருகிறவர்கள். அவர்களில் ஒருவர்கூட அந்த ஆட்டத்தை ஆடியதில்லை.

சீசன் தொடங்கியதிலிருந்து முடிந்தபோதெல்லாம் குற்றாலத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஆடி மாதத்தில் ஒரு நாள் நான் மேடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். நல்ல கூட்டம். சாரல் விழுந்துகொண்டிருந்தது. அருவியில் இலைச் சருகும் சுள்ளியும் சேர்ந்து விழ ஆரம்பித்தன. சத்தம் கனத்தது. தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறியது. காவலுக்கு நின்ற போலீஸ்காரர் விசிலை ஊதினார்.

எந்தத் திசையில் ஓடுவார்கள் என்று எனக்குத் தெரியும். அப்படியே ஓடினார்கள். ஆண்கள் பெண்கள் பக்கம், பெண்கள் ஆண்கள் பக்கம். நடுப்படியில் இரண்டு கூட்டமும் நெருங்கின.

அப்போது என்னைத் தாண்டி வறுவல் கடைக்காரர் ஓடினார். வாணலியை அடுப்பில் அப்படியே விட்டிருந்தார். அவருக்குப் பின்னால் எண்ணெய்க் கடைக்காரர், அவருக்குப் பின்னால் இரண்டு வரிசையும். மைதீன் பாய் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியில் இறங்கியதைப் பார்த்தேன். கடைகளில் ஒரு மனுஷன் இல்லை. இறங்கியவர்கள் கண்ணில் பட்ட பிள்ளையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஏறினார்கள். மேடையில் ஏறி நின்று பிள்ளைகளை இரண்டு கையாலும் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தார்கள். பிச்சம்மாள் மேடையின் நடுவில் நின்று கத்தினாள். அவளுக்கு அவ்வளவு பெரிய குரல் இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"பிள்ளையள் எல்லாம் இங்கன இருக்கு. இங்கன வாங்க. இங்கன பாருங்க."

நடுப்படியில் ஓடிக்கொண்டிருந்த ஜனம் நிமிர்ந்து பார்த்தது. சாரலுக்குள், மேலே, வரிசையாகப் பிள்ளைகள். அழுகிற பிள்ளை, முழிக்கிற பிள்ளை, சிரிக்கிற பிள்ளை. ஒரு கணம் அந்தக் கூட்டம் முழுவதும் நின்றது. பிறகு முழுவதும் ஒரே பக்கம் திரும்பியது. மேடையைப் பார்த்து.

பின்னால் வெள்ளம் இறங்கி நடுப்படியை மூடியதை நான் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை.

மேடையைச் சுற்றிப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற சத்தம். தமிழிலும் மலையாளத்திலும். ஒவ்வொரு பிள்ளையாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. நான் எண்ணவில்லை, எழுதவில்லை, ஒன்றும் செய்யவில்லை. நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்போதுதான் மேடை ஓரத்தில் ஓர் ஆளைக் கவனித்தேன். கடைக்காரர் இல்லை. இடுப்பில் ஈரத் துண்டு, உடம்பெல்லாம் தேய்த்த எண்ணெய் கழுவாமல் மின்னிக்கொண்டிருந்தது. எந்த ஊரோ. குளிக்க வந்தவர். மற்றவர்கள் செய்ததைப் பார்த்துவிட்டு அவரும் ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறியிருந்தார். அதைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பி, "சார், இது யாரு பிள்ளன்னு தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாதே" என்றேன்.

"சரி, வருவாங்க" என்று சொல்லிவிட்டு, குழந்தையை இன்னும் கொஞ்சம் உயரத் தூக்கினார்.